வாத்தியக் கடையும் என் வலது காதும்

வாத்தியம் திருத்துகிறவன் அரத்தை இரவல் வாங்கலாம், பசையை இரவல் வாங்கலாம், காதை மட்டும் இரவல் வாங்க முடியாது. திருகோணமலை உட்துறைமுகத்தில் இறங்குதுறையிலிருந்து குதித்துக் குதித்து நீந்தியே இடது காதைப் பழுதாக்கிக்கொண்டவன் நான். சீழ் பிடித்து அது போன பிறகு, வலதும் அதே வழியில்தான் போகிறது என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். அப்போது மனைவிக்கு மட்டும்தான் தெரியும், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்தவள் அவள்தானே. வெளியே தெரிந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். செவிடனிடம் சுருதி சேர்க்க யார் வருவார்கள்? கண்ணை நம்பும் தையல்காரரே, நாக்கை நம்பும் சமையல்காரரே, என் பயம் உங்களுக்கு விளங்கும்.

பைக்குள்ளே பாணி

இது இரண்டு காதும் நன்றாக இருந்த காலத்துக் கதை. பிரிட்டிஷ் கடற்படை அப்போது இங்கேதான் இருந்தது. ஸ்கொட்லாந்துக்கார மாலுமி ஒருவர் தன் பைக்குழலைக் கொண்டுவந்தார். தோல் பைக்குள் காற்றை ஊதி, கக்கத்தில் வைத்து அமுக்கி வாசிக்கிற வாத்தியம். எங்கள் வெயிலில் தோல் காய்ந்து, தையல் வழியே காற்றுப் போய்க்கொண்டிருந்தது. தங்கள் ஊரில் இனிப்புப் பாணியைக் காய்ச்சி உள்ளே ஊற்றிப் பிசைவார்கள், தோலும் பதமாகும், தையலும் அடைபடும் என்றார். நானும் கித்துள் மரத்துப் பாணி வாங்கித் தாராளமாக ஊற்றிப் பிசைந்து, கடை வாசலில் தொங்கவிட்டேன்.

குளிர் நாட்டு வைத்தியத்தை எறும்பு நாட்டில் செய்யக் கூடாது என்பது மறுநாள் காலையில் இருவருக்கும் தெரிந்துபோனது. அவர் வாயை வைத்து ஊதினார், குழல் வழியே முதலில் வெளியே வந்தது இசை அல்ல. உதட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "எங்கள் ஊரில் இதை வாசித்துக்கொண்டு படைக்கு முன்னால் போவோம். இங்கே படை உள்ளேயே இருக்கிறது."

இரண்டு கறுப்புப் பெட்டிகள்

கடற்படை போய், என் இடது காதும் போன பிறகு நடந்தது இது. ஒரே நாளில் இரண்டு வயலின்கள் வந்தன. ஒன்று கலியாண வீடுகளில் கபரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசிக்கும் பறங்கித் தச்சருடையது. போர்த்துக்கேயப் பாட்டன்மாரோடு கப்பலில் வந்த வாத்தியம் என்று நெஞ்சில் சாய்த்து, நின்றுகொண்டு வாசிப்பார். மற்றது சங்கீத ரீச்சருடையது. ஐரோப்பாவிலே பிறந்த அதே வயலின்தான், ஆனால் ரீச்சர் சம்மணமிட்டு இருந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றிக் கீர்த்தனை வாசிப்பா. தந்திகளை இருவரும் வெவ்வேறு சுருதியில் கட்டுவார்கள்.

பெட்டி இரண்டும் கறுப்பு. தச்சருடையதை ரீச்சரின் முறையிலும், ரீச்சருடையதைத் தச்சரின் முறையிலும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பிழை பெட்டியால் வந்தது, காதால் அல்ல. ஆனால் அதை யாருக்கு நான் நிரூபிப்பது? தச்சர் படியேறி வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அவரோ பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்: "என்ன மேன், என்ட வயலின் எனக்குச் சொல்லாமல் கோயிலுக்குப் போய்வந்ததோ?"

ஆட்டுத் தோல்

கிண்ணியாவிலிருந்து தோணியேறி ஒரு பாவா வருவார். றபான் என்ற ஒருபக்கத் தோல் மேளத்தைத் தட்டி, ஞானப் பாட்டுப் பாடும் பக்கீர். தன் றபான் அரபு நாட்டிலிருந்து வந்தது என்பார். வளையம் பலாமரம், தோல் மூதூர் ஆடு, பிறப்பிடம் மட்டும் அரபு நாடு. வாடைக் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டது என்று கொண்டுவந்தார். நான் புதுத் தோல் இழுத்துக் கட்டி, தணலில் காட்டி, தட்டிப் பார்த்தேன்.

சத்தம் வரவில்லை. அதாவது எனக்கு வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன், பிறகு அடித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வலதும் முடிந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவர் வாயசைவில் பிடித்துக்கொண்டேன்: "அந்த ஆடு எப்பவோ செத்து மௌத்தாப் போச்சு அண்ணன். இனியும் ஏன் போட்டு அடிக்கீங்க?"

ஆர்மோனியம்

இதுவும் வெள்ளைக்காரர் நாட்டுச் சரக்குத்தான். அங்கே கதிரையில் இருந்து, காலால் காற்றை மிதித்து வாசித்தார்கள். நாங்கள் நிலத்தில் சம்மணமிடுகிறவர்கள் என்பதால், இந்தப் பக்கத்தில் பெட்டியின் காலை வெட்டிவிட்டு, கையால் அமுக்கும் துருத்தி வைத்தார்கள். ஈச்சிலம்பற்றில் நாடகத்துக்கு வாசிக்கும் அண்ணர் ஒருவர் தன் பெட்டியைத் தந்திருந்தார். வெள்ளிக்கிழமை கோயில் நாடகம், உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளெல்லாம் சுருதி விலகிக் கிடந்தன. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு கை துருத்தியிலும் மறு கை கட்டையிலும் இருந்ததால் சின்ன அரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தபோது, அதன் நுனி பெட்டியில் முட்டியது. மாதக்கணக்காகக் கேட்காத சுருதி மண்டைக்குள் கணீரென்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரத்தைக் கடித்தபடியே கேட்டு, கத்தி முனையால் ஒவ்வொரு நாக்காகச் சுரண்டிச் சேர்த்தேன்.

நிமிர்ந்தால் அண்ணர் எதிரே நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ, வந்த சத்தம் எனக்கு எங்கே கேட்டது! மறைக்க வழியில்லை, இரண்டு காதும் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் நிலத்தில் இருந்து, கீழ்க்கட்டை தொடங்கி மேற்கட்டை வரை வாசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். துருத்தியைப் பூட்டி, பெட்டியைத் தோளில் ஏற்றிய பிறகு, என் முகத்துக்கு நேரே வந்து, வாயசைவு விளங்கும்படி உரத்துச் சொன்னார்: "காது போனால் போகட்டும் தம்பி. அந்தப் பல்லைக் கவனமா வைச்சிருங்கோ, வாற திருவிழாவுக்கும் நான் உங்களிட்டத்தான் வருவன்."

பிறகு பாவாவும் தச்சரும் ரீச்சரும் எல்லாம் தெரிந்தேதான் வந்தார்கள் என்பதால், கந்தளாய்ப் பக்கம் போகும்போது யார் அன்பாகக் கரும்பை நீட்டினாலும், பல்லை நினைத்து, கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுகிறேன்.