ஜமால் பாய் சொன்ன காரணம்

கள்ளக்குறிச்சியில் என் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் பக்கத்துக் கடை ஜமால் முகமதுவுடையது. பைப், மோட்டார் சாமான் வியாபாரம். பட்ஜெட் நாளில் மட்டும் வியாபாரம் நடக்காது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அரசாங்கத்தை ஒரு பிடி பிடிப்பார்.

"வாங்கின கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கிக்கினு இருக்காங்க. நீங்க இன்னான்னா முழுகப்போற பேங்க்ல பணத்த போட்டுட்டு நிம்மதியா தூங்குறீங்க!"

"நீங்க போடலியா பாய்?" என்று யாராவது மடக்கினால், "டெபாசிட்டுனு ஒத்த ரூபா கெடையாது" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அது பொய்யில்லை. வால்வு வாங்க வந்தவர்கள் அரை மணி நேரம் வாய் பிளந்து நிற்பார்கள். நானும் தலையாட்டியவன்தான்.

மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி தனசேகரன் தலையாட்டியதோடு நிற்கவில்லை. மகள் அபிநயாவின் நர்சிங் படிப்புக்குப் போட்டிருந்த மூன்றரை லட்சம் டெபாசிட்டை உடைத்தார். கள்ளக்குறிச்சி புது மாவட்டமாகிவிட்டது, நிலத்து விலை ஏறும் என்று நம்பி ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கினார். இரண்டு வருடம் கழித்து அபிநயாவுக்குச் சீட் கிடைத்தது. விற்கப் பார்த்தால், மனையை வாங்க என்ன, பார்க்கக்கூட ஆள் வரவில்லை. படிப்புக் கடன் கேட்கலாமே என்று வீட்டில் சொன்னதற்கு, முழுகப்போகிற பேங்க்கிலா என்று மறுத்துவிட்டார். சீட் போனது.

அபிநயா இப்போது எங்கள் தெருக்கோடி ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். தினமும் எங்கள் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். "வணக்கம் பாய்" என்பாள். பாய் உடனே குனிந்து பெட்டிக்குள் எதையோ தேடுவார்.

இந்த வருடம் பட்ஜெட் பேப்பரை அவர் பிரிக்கவே இல்லை. என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நான் பேங்க்ல போடாதது வட்டி ஹராம்னு தான்யா. எங்க அத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். அத சொன்னா கடையில யாரு நின்னு கேப்பாங்க? அதான் பெரிய புலி மாதிரி பேசிட்டேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மணலூர்பேட்டைக்குப் போனோம். தனசேகரன் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். பாய் என்னிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னார்.

"அத்த விடுங்க பாய். நீங்க சொன்னதால மண்ணாச்சும் மிஞ்சிச்சி. பேங்க்ல இருந்திருந்தா?"

"இருந்திருந்தா இருந்திருக்கும் தனசேகரு! எந்த பேங்க்கு முழுகிச்சி? என்ன ரெண்டு வார்த்த திட்டுய்யா."

தனசேகரன் திட்டவில்லை. காபி கொண்டு வந்த அபிநயா தட்டோடு நின்றுவிட்டாள்.

"உங்க மார்க்கத்துல ஆவாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அது உங்க வழக்கம்னு எங்கப்பா கம்முனு வூட்டுக்கு வந்திருப்பாரே பாய்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாயால் அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பாய் பெட்டிப் பக்கம் குனியவில்லை. அவள் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அபிநயா தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்து போனாள்.