நாய்க்கு ஐந்து உருண்டை

நான் செய்யாத ஒரு காரியத்துக்காக என் பெரியப்பா பத்துப் பேர் முன்னிலையில் என் காதைத் திருகினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. டிசம்பர் இருபத்திரண்டு, மார்கழி ஏழு. ஜப்பான்காரன் போன மறு வருடம். எனக்குப் பதினோரு வயது. பெரியப்பா அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் இருந்தார். அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது, "உன்மேல தப்பில்ல, புள்ள" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகவே அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்றே வைத்திருக்கிறேன்.

தேதி எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்பார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் கரித்துண்டால் தேதி எழுதிவைப்பது என் வழக்கம். தம்பிக்கு முதல் பல் விழுந்தது, காற்றில் கூரைத் தகரம் பறந்தது, கோழி அடைக்கு உட்கார்ந்தது எல்லாம் அதில் இருக்கும். பொங்கலுக்கு அம்மா கதவைக் கழுவுவதற்குள் நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றிவிடுவேன். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது மறுத்தால் எடுத்துக் காட்டத் தயார்.

எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், பீடோங் ஊரிலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்தது. டிசம்பர் இருபத்திரண்டு வாக்கில் சூரியன் வடக்கே திரும்புகிறது, ஆண்டிலேயே குறுகிய பகல் அதுதான் என்பதையெல்லாம் பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். கெடாவில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. குளிர் என்றால், ரப்பர் மரங்களுக்கிடையில் விடியற்காலையில் கொஞ்சம் வெண்மையாக நிற்கும், எட்டு மணிக்குக் காணாமல் போய்விடும். அவ்வளவுதான். ஆனாலும் இந்த இல்லாத குளிர்காலத்துக்காக இரண்டு கூட்டத்தார் விடியுமுன் எழுந்து குளித்தார்கள். ஒரு கூட்டம் நாங்கள். மற்றது, தோட்டத்து முச்சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கேயின் குடும்பம். ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. அதில் மாட்டிக்கொண்டது நானும் என் நாயும்.

நாயின் பெயர் துரை. தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரை எல்லாரும் துரை என்றுதான் அழைப்போம். நாய்க்கும் அந்தப் பெயரை வைத்தால், "துரை, எந்திரிச்சு வெளிய போ!" என்று வாயாரக் கத்தலாம் என்பது அப்பாவின் யோசனை. ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி லயத்துப் பக்கம் வரும்போது மட்டும் அதற்கு மணி என்று பெயர். இரண்டுக்கும் வாலாட்டும். ஜப்பான்காரன் வந்த வருடம் மாசி மாதத்தில், ரப்பர் பால் சேர்க்கும் கொட்டகைக்குப் பின்னால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை நான்தான் எடுத்து வந்தேன். எனக்கு அப்போது எழுத வராது. அப்பாவைக் கொண்டு அந்தத் தேதியைக் கதவில் எழுத வைத்தேன். கதவில் ஏறிய முதல் தேதி அதுதான்.

மார்கழி பஜனைக்குப் பெரியப்பாதான் தலைவர். நெற்றியில் பட்டையாகச் சிவப்பு நாமம், கையில் ஜால்ரா, முன்னால் கேஸ் விளக்கு. வாரநாட்களில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு மணி அடிப்பதற்குள் ஓட்டமாக முடித்துவிடுவார்கள். ஞாயிறு என்றால் பெரட்டு இல்லை. ஆற அமர ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று பாடுவார்கள். எங்கள் வாசலில் நான் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூ செருகியிருந்தேன். பூ சாயாமல் நிற்கிற மாதிரி உருண்டை பிடிக்க எங்கள் வரிசையில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக முடிந்தது.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்குப் போன நேரம். கடைப் பாதையிலிருந்து துரை ஓடி வந்தது. வழக்கம்போலக் கூட்டத்துக்கு முன்னால் போய், பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவரை நிமிர்ந்து பார்த்தது. கேஸ் விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்தோம். அதன் நெற்றியின் நட்டநடுவில் சிவப்பாக, உருண்டையாக ஒரு பொட்டு.

மிருதங்கம் முதலில் நின்றது. பிறகு பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது.

"அண்ணே, கண்ணத் தொறந்து பாருங்க. உங்களுக்கு ஒரு சிஷ்யன் வந்துட்டான்லா!" என்றார் மிருதங்கக்காரர்.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். நாயைப் பார்த்தார். கோலத்து நடுவில் இருந்த என் சாணி உருண்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விசாரணை அவ்வளவோடு முடிந்துவிட்டது.

"உருண்ட புடிக்கிற கை இதுதானே?" என்று கேட்டபடி காதைப் பிடித்தார்.

நான் செய்யவில்லை என்றேன். குங்குமமாக இருந்தால் பனியில் கரைந்து வழிந்திருக்கும், இது ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தொட்டுப் பாருங்கள் என்றேன். இன்று யோசித்தாலும் அது நியாயமான வாதம்தான். அம்மா, "பெரியவங்க முன்னால வாயாடாத!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா பெரியப்பாவுக்குத் தம்பி. தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீர்ப்பும் உடனே வந்தது. பத்து மணிக்குக் காய்கறி லாரி வரும். நாயை அதில் ஏற்றிச் சுங்கைப் பட்டாணி நகரச் சந்தையில் இறக்கி விட்டுவிட வேண்டும். "சாமிய கேலி பண்ற நாயி இந்த லயத்துல இருக்கக் கூடாது" என்றார் பெரியப்பா. எனக்கு அன்றைய சர்க்கரைப் பொங்கல் கிடையாது என்பது கிளைத் தீர்ப்பு.

நாய் கேலி செய்யுமா? யாராவது கேட்டார்களா?

வீட்டுக்குப் பின்னால் துரையை இழுத்துப்போய் அந்தப் பொட்டைக் கிள்ளி எடுத்தேன். பிசுபிசுவென்று இழுத்தது. முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன். பச்சரிசி மாவு. இனித்தது. துரை வந்த திசையும் எனக்குத் தெரியும். அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் துரையும் கடைக்கு ஓடினோம்.

கடை பாதி சாத்தியிருந்தது. கதவின் இரண்டு பலகைகளிலும் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டிரண்டு உருண்டைகள் ஒட்டியிருந்தன. கிணற்று உருளையில் ஒன்று. தவுக்கேயின் சைக்கிள் கைப்பிடியில் ஒன்று. அரிசித் தொட்டி மூடியில் ஒன்று. சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த கடைப் பூனையின் உச்சந்தலையில் வெள்ளையாக ஒன்று. அது முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்த்து, உலகத்தையே வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இத்தனை சாட்சி இருக்கும்போது என் காது மட்டும் ஏன் சிவக்க வேண்டும்?

தவுக்கேயின் மனைவி தவுக்கேம்மா உள்ளே இருந்தாள். ஒல்லியான பெண்மணி, எந்நேரமும் கறுப்புக் கால்சட்டை. எங்கள் தமிழை எங்களிடமே கற்று எங்களோடே சண்டை போடுவாள்.

"எங்க நாய்க்கு ஏன் வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் வெக்கணும்லா. கதவு, கெணறு, பூன, எல்லாம் ஒரு வருசம் நமக்கு வேல செஞ்சிச்சி. இன்னிக்கி தாங் சே, எங்க பண்டிக, எல்லாருக்கும் ஒரு வயசு கூடும்" என்றாள். "அதுவா காலையில வந்து நின்னிச்சி. எப்பவும் வரும்."

எப்பவும் வரும் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அது என் நாய்.

உள்ளே மேசைமேல் மூன்று கிண்ணங்கள் இருந்தன. அந்த வீட்டில் இருந்தது தவுக்கேயும் தவுக்கேம்மாவும் மட்டும்தான். சேவல் படம் போட்ட மூன்றாவது கிண்ணத்தை எடுத்து அவள் துரைக்கு முன்னால் தரையில் வைத்தாள். இஞ்சிப் பாகில் சின்னச் சின்ன உருண்டைகள், புளியங்கொட்டை அளவு. யார் யாருக்கு எத்தனை வயதோ அத்தனை, அதற்குமேல் கூடப்போகிற வயதுக்கு ஒன்று, அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்றாள்.

எதையும் எண்ணாமல் விட எனக்கு வராது. குனிந்து எண்ணினேன். இருபத்திமூன்று.

காதைத் திருகியதைவிட இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. "துரைக்கு நாலு வயசுதான். ஒண்ணு கூட்டுனா அஞ்சு" என்றேன்.

"இருவத்திமூணு" என்றாள் அவள்.

"நாயி எங்கயாச்சும் இருவத்திமூணு வருசம் இருக்குமா? தேதி எழுதி வெச்சிருக்கேன். வந்து பாருங்க."

"நீ எழுதினது சரிதான், தங்கச்சி. இதுவும் சரிதான்."

ஒரு கணக்கில் இரண்டு விடை சரியாக இருக்க முடியாது என்று எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லியிருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். இடது கையால் துரையின் கயிற்றை இறுக்கிக்கொண்டு, வலது கையால் கிண்ணத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்ததை எங்கே வைப்பது? பொங்கலும் இல்லாத வயிறு. வாயில் போட்டுக்கொண்டேன். வாய்விட்டு எண்ணிக்கொண்டே பதினெட்டையும் தின்றேன். தவுக்கேம்மா முதலில் தடுக்கக் கை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். சட்டியை எட்டிப் பார்த்தாள். அடியில் பாகு மட்டும் இருந்தது.

"ஹாபிஸ்" என்றாள், தீர்ந்துவிட்டது என்று.

ஐந்து உருண்டையோடு கிண்ணத்தைத் துரையிடம் தள்ளினேன். ஒரே நக்கில் காலி செய்தது. கணக்கைத் திருத்திய திருப்தியோடு, உடனே வந்து எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் மறுக்காமல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாங்கள் லயத்துக்கு வந்தபோது லாரி நின்றுகொண்டிருந்தது. பெரியப்பா கயிற்றோடு காத்திருந்தார். "எங்கடி போன?" என்று தொடங்கியவர், பின்னால் தவுக்கேம்மாவைப் பார்த்து நிறுத்தினார்.

"நான்தான் வெச்சேன். புள்ளய ஏசாதீங்க, அண்ணே" என்றாள் அவள்.

"நாய்க்குப் போயி வெப்பாங்களா?"

"மவன் இல்ல. அவன் நாயி இருக்கு." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் சீனி இல்லை, வெல்லம் இருக்கிறது என்று சொல்வதுபோல.

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இந்த வருசம் எத்தன வயசு?" என்று அவளிடம் கேட்டார்.

"இருவத்திமூணு."

"எங்க பெரியவனுக்குத் தை வந்தா இருவது" என்றார் பெரியப்பா.

இருவரும் சேர்ந்து தவறு செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அஞ்சு!" என்று கத்தினேன். "இருவத்திமூணு இல்ல, அஞ்சுதான்! நான் எண்ணிப் பார்த்தேன்!"

அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. அம்மா என்னை வீட்டுக்குள் இழுத்துப்போனாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பெரியப்பா லாரியைப் போகச் சொல்லிக் கையசைத்தார். பிறகு தானே போய் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து துரைக்கு முன்னால் வைத்தார். நாய்க்குப் பொங்கல்! காது திருகப்பட்டவள் உள்ளே நிற்கிறாள், அவளுக்கு ஒரு பருக்கை கிடையாது. அன்று மாலை கதவில் இப்படி எழுதினேன்: "மார்கழி 7. துரை குற்றமற்றது. உருண்டை 5. கணக்கைச் சரிபார்த்தது நான்."

எனக்குக் கல்யாணம் பேசிய வருடம்தான் அம்மா விவரம் சொன்னாள், மாவு சலித்துக்கொண்டே, நான் முன்பே அறிந்த ஒன்றைச் சொல்வதுபோல. தவுக்கேம்மாவுக்கு ஒரே மகன். லூனாஸ் ஊரிலிருந்து ஒரு நாய்க்குட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தானாம். சில நாளில் ஜப்பான் சிப்பாய்கள் கடைக்கு வந்து அவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடையைப் பூட்டிக்கொண்டு தாய் தகப்பன் ஒளிந்திருந்த வாரத்தில்தான் பால் கொட்டகைக்குப் பின்னால் எனக்கு அந்தக் குட்டி கிடைத்தது. திரும்பி வந்த தவுக்கேம்மா, அது என்னோடு விளையாடுவதைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். பெரியப்பாவின் மூத்த மகனையும் ரயில்பாதை போட லாரியில்தான் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். வந்துவிடுவான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், பீடோங்குக்குப் போனவனைச் சொல்வதுபோல. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெரியப்பா என் காதுக்குப் பதில் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம்தான். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். தேதி எழுதிவைக்கிறவளுக்கு அந்த வேலை தப்பாது. கடையிலிருந்து கொண்டுபோகும்போது தவுக்கேம்மாவின் மகனுக்குப் பதினெட்டு வயது. அதன்பின் தாங் சே ஐந்து முறை வந்திருந்தது. மொத்தம் இருபத்திமூன்று. தவுக்கேம்மாவின் கணக்கில் பிழையே இல்லை. அவன் அந்த வீட்டில் இருந்த பதினெட்டு வருடத்தையும் நான் ஒவ்வொன்றாக எண்ணித் தின்றிருக்கிறேன். கிண்ணத்தில் நான் மிச்சம் வைத்தது, அவன் இல்லாத ஐந்து.