சேம்பிலைக்கு இரண்டு தட்டு

வத்தேகமவிலிருந்து கண்டிக்கு ஓடும் ஒரு பஸ்ஸில் ராஜலிங்கம் பதினோரு வருடமாகக் கொண்டக்டர். மனிதர் நல்லவர்தான், ஆனால் இலைப் பைத்தியம். பஸ் நின்றால் போதும், போனில் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மதில் பாசியோ பூச்சி அரித்த கொய்யா இலையோ, மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று படம் பிடிப்பார். போனில் நாலாயிரம் இலைகள் இருந்தன. மனைவி லோஜினியின் படங்கள் மூன்று. அந்த மூன்றிலும் தெளிவாகத் தெரிவது அவளுக்குப் பின்னால் நிற்கிற குரோட்டன் செடிதான்.

போன வாரம் ஒரு பயணி, இந்த ஆள் இலை பார்க்கிறதால் ஆஸ்பத்திரிக்குப் பிந்திவிட்டது என்று பஸ் முதலாளி ஜவாஹிரிடம் முறையிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். ராஜலிங்கம் பயந்துபோய் ஐந்து நாள் இலைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள், மடவளையில் முதலாளியே ஏறினார். வேன் கராஜில் இருந்ததாம். கண்டியில் கல்யாண வீடு என்பதால் வெள்ளைச் சட்டை, மணக்க மணக்க அத்தர். முன் சீட்டில் உட்கார்ந்தார்.

அடுத்த தரிப்பில் ஒரு கீரை மூட்டையை ஏற்ற ராஜலிங்கம் பின்பக்கம் இறங்கினார். ஏற்றியும் விட்டார். அப்போதுதான் பஸ்ஸை ஒட்டி நின்ற சேம்பிலை கண்ணில் பட்டது. நடுவில் ஒரு நீர்த்துளி, துளிக்குப் பக்கத்தில் கடுகளவு நத்தை. மனிதர் அவசர அவசரமாகப் போனை எடுத்தார். ஒரே ஒரு படம் என்று குனிந்து அமுக்கினார். அமுக்கிய சந்தோஷத்தில் பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

இரண்டு தட்டு என்றால் புறப்படு என்று அர்த்தம். சாரதி தினேஸ் திரும்பிப் பார்க்கிற சாதி இல்லை. பஸ் போய்விட்டது.

ராஜலிங்கம் ஓடிப்போய் ஓர் ஓட்டோவைப் பிடித்தார். இரண்டு தரிப்புத் தாண்டியதும் பஸ் தெரிந்தது. கதவில் முதலாளி தொங்கிக்கொண்டிருந்தார். தட்டாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று தினேஸ் அடம்பிடித்திருக்க வேண்டும். சட்டை நனைய, தொண்டை கிழிய "கண்டி, கண்டி" என்று கத்தி ஆள் ஏற்றிவிட்டு, முதலாளி தன் சொந்த பஸ்ஸையே அறைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ராஜலிங்கம் ஓட்டோக்காரரிடம், கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று கெஞ்சினார்.

கண்டி பஸ் நிலையத்தில் தப்ப வழியில்லை. வேலை போனது போனதுதான் என்று நினைத்து, தோளில் கிடந்த டிக்கெட் பையைக் கழற்றி நீட்டினார்.

முதலாளி பையை வாங்கவில்லை. வாங்கினால் திரும்பவும் தானே கதவில் தொங்க வேண்டும்; அதற்கு அவருக்குத் தெம்பில்லை. போனைக் காட்டு என்று கையால் சைகை செய்தார். வாங்கி, தன் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, படத்தை அப்படியும் இப்படியும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுக்கா என்னத் தொங்க வெச்சீங்க?" என்றார், கத்திக் கம்மிப்போன குரலில். "மங்கலா ஈக்கே."

வேலை தப்பியது. ஆனாலும் ராஜலிங்கத்துக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. முதலாளி சொன்னது உண்மை. நத்தை தெளிவாக இல்லை.