கிணற்றை வலம் வந்த மார்கழி

வார்ப்புத் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை எனக்கு. எட்டு மணி நேரமும் நெருப்பு முகத்தில் அடிக்கும். அதனாலேயே மார்கழி பிறந்தால் எனக்குக் கொண்டாட்டம். கும்மிடிப்பூண்டி ரோட்டில் விடியற்காலைப் பனிமூட்டத்தில் லாரியின் விளக்கு தெரியும், லாரி தெரியாது. எங்களோடு வேலை செய்யும் பீகார்க்காரர்கள் வெறும் பனியனோடு நின்று பல் துலக்குவார்கள். நாங்கள் குரங்குக் குல்லாயும் மப்ளருமாக அவர்களைத் தாண்டிப் போவோம். அவர்களுக்குச் சிரிப்பு தாங்காது. சிரித்துவிட்டுப் போகட்டும், எங்கள் ஊருக்கு இதுதான் பெருங்குளிர்.

அந்தக் குளிரில்தான் நாற்பத்து நான்கு வயதில் நான் டிரையத்லானுக்குத் தயாரானேன். முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கிளப்பிவிட்டவன் என் மனைவியின் தம்பி. அவன் ஏற்கெனவே இரண்டு போட்டிகளை முடித்தவன். கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டில் பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"பங்குனில ஒண்ணு கீது மாமா. வர்றியா?"

"என் வயசுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு மச்சான்?"

"சைக்கிளு ஓட்டிடுவ. ஓட்டமும் எப்டியோ இஸ்துகினு போயிடுவ. தண்ணிலதான் டவுட்டு. முக்கா கிலோமீட்டரு, அர மணி நேரத்துல கரையேறணும். ஏறலன்னா போட்ல தூக்கிப் போட்டுகினு வந்துடுவாங்க, மீனு கணக்கா. அப்பால சைக்கிள தொடவே வுடமாட்டாங்க."

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அவர இன்னான்னு நெனச்சிகினு கீற? சின்ன வயசுலேந்து கெணத்துலயே கெடந்தவரு."

அவள் வாயிலிருந்து வந்த பிறகு பின்வாங்க முடியுமா? அன்றைக்கே விளக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். முருகா, ஜெயிக்க வேண்டாம், மெடல் வேண்டாம். என்னைப் போட்டில் ஏற்றிவிடாதே. அரை மணிக்குள் என் காலால் நானே கரையேற வேண்டும், அது போதும்.

ஓட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை பார்த்துச் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போனேன். ஓடிப்போய்த் தரிசனம், திரும்பி வர ஷேர் ஆட்டோ. சைக்கிளில் எளாவூர் சோதனைச்சாவடி வரை போய் வந்தேன். வரிசையில் நிற்கிற லாரிக்காரர்கள் என் குல்லாயையும் அரைக்கால் சட்டையையும் பார்த்து ஹாரன் அடிப்பார்கள். நானும் பெல் அடித்துப் பதில் சொல்வேன்.

நீச்சலுக்குக் கவரைப்பேட்டை தாண்டி என் பெரியப்பா மகனுடைய நிலத்துக் கிணறு. வட்டக் கிணறு, நல்ல அகலம். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே ஆவி பறக்கும். குளிர் எல்லாம் வெளியே ஏறும்போதுதான். அதற்குப் பயந்துகொண்டே இன்னும் பத்துச் சுற்று, இன்னும் பத்துச் சுற்று என்று நீந்துவேன். கைக்கு ஓர் எழுத்தாகச் ச-ர-வ-ண-ப-வ. ஆறு முடிந்தால் வலப்பக்கம் ஒரு மூச்சு. சந்தோஷம் தாங்காமல் சில நாள் தண்ணீருக்குள்ளேயே சிரித்து மூக்கில் ஏற்றிக்கொண்டதும் உண்டு.

தை மாதம் மச்சான் என்னை ஏரிக்கு அழைத்துப் போனான். "நேரா அந்தப் பனமரம்" என்று எதிர்க்கரையைக் காட்டினான். குதித்தேன். நாமம் சொல்லிக்கொண்டு நன்றாகத்தான் போனேன். கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. தலையைத் தூக்கினால் எருமை. பனைமரம் எங்கேயோ இடது பக்கம் தனியாக நின்றது. எருமை கழுவிக்கொண்டிருந்தவர், "இன்னா சார், வழி தவறிட்டியா?" என்றார்.

மறுபடி போனேன். மறுபடியும் எருமை.

மச்சான் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கேட்டான். "மாமா, கெணத்துல நீ எந்தப் பக்கம் சுத்துற?"

"இது இன்னா கேள்வி? வலமாத்தான்."

"எல்லா நாளும்?"

"பின்ன? நாமத்த சொல்லிகினு இடமா சுத்துவாங்களா?"

அப்போதுதான் விளங்கியது. இரண்டு மாதம் கிணற்றைக் கோயிலாக நினைத்து வலம் வந்திருக்கிறேன். என் உடம்பு நேராகப் போகவே மறந்துவிட்டது. இடமாகவும் சுற்றிப் பழகினால் சரியாகிவிடும் என்றான் மச்சான். எனக்கு மனசு வரவில்லை. எதிர்ச்சுற்று சுற்றி வேறு ஏதாவது வந்துவிட்டால்?

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "நவகிரகத்துல கடசி ரெண்டு சுத்து ராகு கேதுக்குன்னு இடமா வர்றீங்களே, அது மட்டும் பரவால்லியா? ஏழு அப்டி, ரெண்டு இப்டி சுத்துங்க."

"ரெண்டு பத்தாதுங்கிறான் ஒன் தம்பி."

"அப்ப ராகு கேதுக்குக் கொஞ்சம் சேத்து சுத்துங்க. கோச்சிக்கவா போறாங்க?"

மாசி முழுக்க ராகு கேதுவுக்குச் சுற்றினேன். இடப்பக்கம் மூச்சு எடுக்கத் தெரியாமல் பாதிக் கிணற்றைக் குடித்தேன். தோளில் கிணற்றுச் சுவர் உரசிய தழும்பு இன்னும் இருக்கிறது.

பங்குனியில் போட்டி. பழவேற்காட்டுப் பக்கம் ஓர் உப்பங்கழி, நடுவே மஞ்சள் மிதவை. அதைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். விசில் ஊதியதும் சுற்றிலும் கையும் காலுமாக ஒரே கலவரம். பயத்தில் பழையபடி வலது பக்கமே மூச்சு எடுத்திருக்கிறேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லோரும் அங்கே, நான் இங்கே. பக்கத்தில் போட் வந்துவிட்டது.

"ஏறிக்கிறீங்களா சார்?"

"வேணாம்பா."

"டைம் போய்க்கினே கீது சார்."

முருகா என்று தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். ஒரு சரவணபவ வலப்பக்க மூச்சு, அடுத்த சரவணபவ இடப்பக்க மூச்சு. மிதவை கையில் இடிக்கிற தூரத்துக்கு வந்தது. சுற்றினேன். திரும்பும்போது போட்டுக்காரர் பின்னாலேயே வருகிற சத்தம் கேட்டது. என்னை ஏற்றாமல் இவர் போகமாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்ததும் சிரிப்பு வந்து, கை இன்னும் வேகமாகப் போயிற்று.

முட்டிக்கால் மண்ணில் இடித்தது. எழுந்து நின்றேன். கரை, ஜனங்கள், கொடி எல்லாம் சுற்றியது. கடிகாரத்தோடு நின்றவர் முன்னால் போய் என்னை அறியாமல் கை கூப்பினேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு சார். கும்பிடு அப்புறம், சைக்கிள் அங்க."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "போட்ல ஏறலல்ல? ஏறலல்ல?"

"ஏறல."

சைக்கிள் நிற்கிற இடம் வரை எனக்கு முன்னால் அவள்தான் ஓடினாள்.