புளியமரத்தடியில் இறங்கிய கன்டெய்னர்

எண்பதுகளின் கடைசியில், மழைக்கு முன் கடலைக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்க, துறைமுகத்தில் கழித்துவிட்ட பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கினோம். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் கிரேன் ஏது? லாரியில் வந்த பெட்டியின் பின்பக்கத்தைச் சங்கிலியால் புளியமரத்தோடு கட்டி, டிரைவர் லாரியை முன்னால் ஓட்டினார். பெட்டி தொம்மென்று மரத்தடியில் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அதன் கதவோ மரத்தை ஒட்டி நின்றது, திறக்கவே முடியாது.

கட்டும்போதே எனக்குத் தெரியும். பத்துப் பேர் முன்னால் சொல்லக் கூச்சம்.

"ஏனுங்க, மூட்டைய எப்படி உள்ள போடறதுங்க?" என்றாள் மனைவி.

"மரத்தக் கேட்டுட்டுத்தானுங்க," என்றார் டிரைவர்.

தூறல் விழுந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சங்கிலிய அவுத்துப் பெட்டியோட முன்பக்கத்துல கட்டி, லாரியில மாட்டி இழுங்க," என்று கத்தியேவிட்டேன். பெட்டி நான்கடி நகர்ந்தது. நனைந்துகொண்டே, சிரித்துக்கொண்டே மூட்டைகளை உள்ளே தள்ளினோம்.