மறுபடியும் கூப்பிட்டாங்க

எலிஹியோ பொலாங்கோ ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஃப்ரிட்ஜுக்குச் சொந்தக்காரி பேச வாயெடுத்தால் ஒரு விரல் மட்டும் உயரும். கம்ப்ரசர் சொல்வதைக் கேட்டு முடித்த பிறகுதான் அவள் சொல்வதைக் கேட்பார். கேட்டாலும் நம்பமாட்டார். “மனுஷங்க பூசி மெழுகுவாங்க. மெஷின் உள்ளதைச் சொல்லும்” என்பார்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஐம்பத்து நான்கு வயது. சான் பெத்ரோ ஊரின் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள தெருக்களில் முப்பத்தோரு வருடமாகக் குளிர்ச்சிக்கு அவரே பொறுப்பு. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடுதான் வேலைக்கு வருவார். அடுப்பில் காப்பி இருந்தால் சட்டென்று பழுது பிடிபடும். இல்லாவிட்டால் கொஞ்சம் நேரமாகும்.

வெகுநாள் வரை அவர் கைவசம் இருந்தது ஒரே வைத்தியம். குழாயைத் திறந்து பழைய கேஸை வெளியே விடுவார். அது உஸ்ஸென்று போகும்போது, “நல்லபடியா போய்ட்டு வா” என்று வழியனுப்புவார். புது கேஸை ஏற்றுவார். ஃப்ரிட்ஜ் குளிரும். நாலு மாதத்தில் அதே வீட்டிலிருந்து ஆள் வரும். “பாத்தியா, மறுபடியும் கூப்பிட்டாங்க. என்னை விட்டா அவங்களுக்கு வேற யாரு?” என்று மனைவி மிரேயாவிடம் சொல்லிக் கண்ணாடி முன் நின்று தலை வாருவார்.

போன வருடம் கேஸ் விற்கும் கடையின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்கு இனி கேஸ் கிடையாது. தொழிற்பயிற்சி மையத்தில் மூன்று வார மாலை வகுப்பு நடக்கிறது. எலிஹியோ அதைப் படித்துவிட்டு, வாத்தியார் தேவைப்பட்டால் தனக்குச் சொல்லி அனுப்பும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். பத்து நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார். பதினோராம் நாள் கையிருப்பு தீர்ந்தது. அன்று மாலை கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வகுப்பெடுத்தவள் யொகாஸ்தா. இருபத்தெட்டு வயது, பிறந்தது அவருக்கு இரண்டு தெரு தள்ளி. பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவள் அவர் பெயரில் நின்றாள்.

“மேஸ்திரி, எங்கம்மா ஃப்ரிட்ஜை ஒரே வருஷத்துல மூணு தடவை சரி பண்ணீங்க. ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? மூணு தடவையும் நல்லா ஓடிச்சே.”

“ஓடிச்சு. ஓட்டையும் கூடவே ஓடிச்சு. அதை யாரு அடைக்கறது?”

வகுப்பே சிரித்தது. எலிஹியோ நோட்டைத் திறந்து, மிகுந்த கவனத்தோடு தேதி எழுதினார்.

ஒரு கடை ஃப்ரிட்ஜின் கேஸை வெளியே விட்டால், அவருடைய வேன் தலைநகருக்குப் பதினைந்து தடவை போய் வந்த புகைக்குச் சமமாக ஆகாயம் சூடாகும் என்று அவள் சொன்னதை அவர் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஆகாயம் பெரியது. ஓட்டை விஷயம்தான் உறுத்தியது. வீடு திரும்பும் வழியில் வேனை ஓரங்கட்டி, தன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணினார். இரண்டு கை போதவில்லை. அதை அவர்கள் தன்மேல் வைத்த பிரியம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து முதல் பெஞ்ச். கேஸை மெஷினால் உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிப்பது, குழாய் முழுக்கச் சோப்பு நுரை தடவி ஓட்டையைத் தேடுவது, அடைத்த பிறகு பம்ப் போட்டு அரைமணி நேரம் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது என்று எல்லாவற்றையும் எழுதி எழுதிப் படித்தார். தேர்வு நாளில் மெஷினை மாட்டும் முன்பே, முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் கை தானாக வால்வைத் திறந்துவிட்டது. உஸ். அறை முழுக்கக் கேட்டது. யொகாஸ்தா தாளில் ஒரு கோடு போட்டாள்.

முழு வகுப்பையும் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. தெருவில் கேட்டவர்களிடம், “என் வேலையைப் பாத்துட்டு மறுபடியும் கூப்பிட்டாங்க” என்றார். ரொட்டிக்கடை வரிசையில் நின்ற மிரேயா, “ஃபெயில்” என்ற ஒரே சொல்லில் அதைத் திருத்தினாள். இரண்டாவது முறை தேறினார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், ஃப்ரிட்ஜுக்கு நேர் மேலே.

சென்ற சனிக்கிழமை பாவ்லினோவின் மூலைக்கடையில் பீர் ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. மத்தியானம் மூன்று மணி. உள்ளூர் அணியின் பேஸ்பால் ஆட்டம் தொடங்கப் போகிறது. டோமினோ மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் வெதுவெதுப்பான பீரை வெறித்துக்கொண்டிருந்தார்கள். எலிஹியோ மீதிக் கேஸை உறிஞ்சிப் பிடித்தார். நுரை தடவி, பின்பக்க வளைவில் குண்டூசி முனையளவு ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைத்து அடைத்தார். பிறகு பம்பைப் போட்டுவிட்டு, காலிப் பெட்டியொன்றைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஃப்ரிட்ஜுக்குப் பூசை நடக்கிறதா என்று மேசையில் ஒருவன் கேட்டான். மீட்டரைப் பார்த்தபடியே, ஆமாம், எல்லோரும் வாயை மூடிக் கும்பிடலாம் என்றார் எலிஹியோ.

பாவ்லினோ பத்து நிமிடம் பொறுத்தான். “போதும்ப்பா. கேஸை ஏத்திவிட்டுக் கிளம்பு. யாரு பாக்கப்போறா?”

“இன்னும் இருபது நிமிஷம்.”

“அடுத்த தெரு மெக்கானிக் சிச்சீயைக் கூப்பிட்டிருந்தா இந்நேரம் பீர் ஜில்லுனு இருக்கும்.”

“கூப்பிடு. வருவான். நாலு மாசத்துல மறுபடியும் அவனைக் கூப்பிடுவ.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நானும் அப்படித்தான் வந்துக்கிட்டிருந்தேன், பாவ்லினோ.”

பாவ்லினோ அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஐஸ் கட்டிகளை வாளியில் போட்டு மேசைக்குக் கொண்டுபோனான். புது கேஸ் ஏறி, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இரண்டாவது பாதி நடக்கும்போதே ஃப்ரிட்ஜ் உறுமிக் குளிர ஆரம்பித்தது. கைதட்டியவர்கள் உடனே ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

எலிஹியோ உறிஞ்சிப் பிடித்த கேஸ் இருந்த சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கி வந்து, வேனின் முன் இருக்கையில் நிறுத்தி வைத்தார். சீட் பெல்ட்டை இழுத்து அதன் இடுப்பைச் சுற்றி மாட்டினார். ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தார். சுற்றி வந்து ஏறி, தன் பெல்ட்டைத் தொடக்கூட இல்லாமல் வண்டியை எடுத்தார்.