சன்னல் வழியே போன ஊன்றுகோல்கள்

தொலைதூரப் பேருந்தில் முன்வாசலை ஒட்டிய இருக்கை ஊனமுற்றோருக்கு என்பது விதி. அது இருக்கைக்கு மேலேயே எழுதியிருக்கும். அதன் கீழே திடகாத்திரமான ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். போலியோவால் கால் சூம்பிய, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரான நான் இதுபற்றி மனு அனுப்பியிருந்தேன்.

ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த பக்கத்து வீட்டு தாசு மனுவே எழுதியதில்லை. குமணன்சாவடியில் பஸ் நின்றதும், மற்றவர்கள் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, தன் ஊன்றுகோலைச் சன்னல் வழியாகப் போடுவார். "அண்ணாத்தே, கை குடு" என்பார். யாராவது தூக்கி ஏற்றிவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், வேலூரில் அவருக்குச் செயற்கைக்காலும் எனக்குக் காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரும் அளவெடுக்கக் கிளம்பினோம். அந்த நாளைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தாசு வழக்கம்போல ஏறிவிட்டார். அவர் ஒரு கோல் போட்டால் நான் இரண்டு போடுவேன் என்று இரண்டையும் உள்ளே எறிந்தேன். கை கொடுங்கள் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. நடத்துநர் விசில் ஊத, நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்து நின்ற என்னை விட்டுவிட்டு பஸ் நகர்ந்தது.

உள்ளிருந்து தாசு கத்தினார்: "நிறுத்து நைனா! சாரோட காலு உள்ள கீது, ஆளு வெளிய கீறாரு!"

பஸ்ஸே கைதட்டிச் சிரித்தது. நிறுத்தி, என்னைத் தூக்கி ஏற்றினார்கள். அந்தக் கைதட்டலும் தாசுக்கே போனதில் எனக்கு வருத்தம்தான்.

அன்றிலிருந்து முதலில் கை கேட்கிறேன். பிறகு ஒரு கோலை மட்டும் எறிகிறேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வந்து சேர்ந்தது, மறு வருடம் போகியன்று.